தோட்டத்தில் கிடைத்த போத்தல்

மொன்றியலில் லாசால் பகுதிக்கு நாங்கள் குடிவந்த அன்றே கீழ்வீட்டுக்காரியின் கதவுக்கு மேலே அந்தச் சிவப்பு நூலைக் கண்டேன். விரல் நீளச் சுள்ளிகள் இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவில் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றி, ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் கதவும் அவளுடைய கதவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எங்களுடையதைத் திறந்தால் படி மேலே போகும். அவளுடையதைத் திறந்தால் நேரே அவள் வீடு. மெத்தையைத் தோளில் சுமந்துகொண்டு நின்ற கணவரிடம் காட்டினேன்.

“இஞ்ச பாருங்கோ, என்னத்தையோ கட்டி வைச்சிருக்கிறா.”

“சிலுவையாக்கும். இஞ்சத்தை ஆக்கள் கத்தோலிக்கர்தானே. வழியை விடும், கை நோகுது.”

அது சிலுவை இல்லை. நான் மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். சிலுவையின் கை எந்த இடத்தில் வரும் என்று தெரியும். இதற்கு நாலு கையும் ஒரே நீளம். அன்று யூலை முதலாம் திகதி. மொன்றியலில் வாடகைக்கு இருக்கிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் வீடு மாறுவார்கள். தெரு முழுக்க லொறியும் பழைய சோபாவும். வேறு வீடு தேட முடியாத நாளில்தான் அது என் கண்ணில் பட்டது.

அடுத்த நாள் காலை அடுப்படி யன்னலால் பின்வளவைப் பார்த்தேன். அவள் புல்லில் வெறுங்காலோடு நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த தலைமயிரைக் கழுத்தளவில் வெட்டியிருந்தாள். இரவு உடுப்புக்கு மேலே ஒரு சாம்பல் நிறச் சால்வை. கிழக்குப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் விரித்து எதையோ முணுமுணுத்தாள். பிறகு மெல்லத் திரும்பி அடுத்த திசை, அதற்கடுத்த திசை. நாலு பக்கமும் முடிந்ததும் குனிந்து, கோப்பையில் இருந்து வெள்ளையாக எதையோ நிலத்தில் ஊற்றினாள். நிமிரும்போது யன்னலில் என்னைக் கண்டுவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சூரியனைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களை நான் காணாதவள் இல்லை. என் அப்பா கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரவேட்டியோடு கிழக்குப் பார்த்துக் கையெடுத்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார். அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. ஒரு வெள்ளைக்காரி அதையே செய்தபோது எனக்குப் பயம் வந்தது. இவள் யாரைக் கூப்பிடுகிறாள், எதற்குக் கூப்பிடுகிறாள் என்று யோசித்தபடியே தேத்தண்ணியை ஆறவிட்டேன்.

கணவருக்குத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பண்டகசாலையில் வேலை. கொள்கலன்களில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குவது. வேலைத்தலத்தில் பழகிய பிரெஞ்சு அவருக்குத் தாராளமாக வரும். குப்பைப் பை வைக்கும்போதும் தபால் எடுக்கும்போதும் அவளோடு கதைத்து, செய்தி கொண்டுவருவார்.

“தான் பாயென் எண்டு சொல்றா.”

“அது எந்த ஊர்?”

“ஊரில்லை, சமயம். சேர்ச்சுகள் வாறதுக்கு முந்தி இருந்த பழைய கும்பிடு. சூரியன், நிலா, மரம், ஆறு, செத்த ஆக்கள், உதுகளைத்தான் கும்பிடுகினமாம். ஒவ்வொரு நாளும் விடியவும் பொழுதுபடவும் கும்பிடுவாவாம்.”

“அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்.”

“உங்கட ஊராக்கள் மாதிரியெண்டால் பயப்பிடத்தானே வேணும்” என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பகிடியை விளக்க வேண்டும். அவர் யாழ்ப்பாணம், நான் மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்தார் வெகுகாலமாகச் சொல்லிவரும் ஒரு கதை உண்டு. மட்டக்களப்புக்குப் போகிறவர்களை அங்குள்ள பெண்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்களாம், பிறகு அவர்கள் ஊர் திரும்பமாட்டார்களாம். எங்கள் கலியாண வீட்டிலேயே அவருடைய சொந்தக்காரர் ஒருவர் “தம்பியைப் பாயோடை ஒட்டிப்போட்டாள்” என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண் நானும் சிரித்தேன். அப்போது அது வெறும் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மகளுக்கு மூன்று வயது. கார்டெரியில், பகலில் பிள்ளைகளைப் பராமரிக்கும் இடத்தில், விட்ட நாளிலிருந்து காது வருத்தமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. வைத்தியர் மருந்து தந்தார். மருந்து முடிய மறுபடி காய்ச்சல். எந்தக் காய்ச்சலுக்கு முதல் நாளும் கீழ்வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பாள் என்று எனக்கு ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. “வடிவான கண்” என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு நாள் குனிந்து பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். நான் தெருமுனைக்குப் போனதும் அதை வாங்கி, அன்று விழுந்திருந்த முதல் பனிக்குள் எறிந்தேன்.

அன்று பின்னேரம் உப்பு, செத்தல் மிளகாய், கடுகு எடுத்து மகளுக்கு நாவூறு கழித்தேன். ஊரில் என்றால் விறகடுப்பில் போட்டுவிடலாம். இங்கே மின்சார அடுப்பில் ஒரு பழைய தாச்சியை வைத்துச் சூடாக்கி அதற்குள் கொட்டினேன். மிளகாய்ப் புகை எழும்பி, புகை எச்சரிக்கை மணி அலறி, மூவரும் இருமி, யன்னல்களை எல்லாம் திறந்தோம். படியின் மேலே இருந்த கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரி நின்றாள். நெருப்பா என்று கேட்டாள். இல்லை, சமையல் என்றேன். அவள் என் தோளுக்கு மேலால் எட்டி, தாச்சியில் கருகிக் கிடந்த மிளகாயையும் அதைச் சுற்றிக் கொட்டியிருந்த உப்பையும் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். சமையல் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது அவள் படி இறங்கிய விதத்திலேயே தெரிந்தது.

மாசி மாதம் வேலையில் ஒரு பெட்டி சரிந்து கணவரின் வலது தோளில் விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்யும் வேலைக்குப் பின்னேரங்களில் போய்வந்தேன். பிள்ளையையும் அவரையும் பார்க்க ஆள் வேண்டும் என்று ரொறன்ரோவில் இருந்து அவருடைய அக்கா வந்தா.

மச்சாளைப் பற்றிக் கெடுதலாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கணவரை இழந்து, தனியாக இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவ. வந்த மூன்றாம் நாளே என் அடுப்படியைத் தன்னுடையதாக்கிவிட்டா, ஆனால் மகளை மடியை விட்டு இறக்கவில்லை. பனி கரைந்து நிலம் இளகியதும், பின்வளவில் எங்களுக்கு வீட்டுக்காரர் ஒதுக்கித் தந்த பாதியில் தக்காளியும் மிளகாயும் வைப்போம் என்று மண்வெட்டியோடு இறங்கினா. நான் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி கண்ணாடியில் பட்ட சத்தம் மேலே கேட்டது.

ஒரு சாண் உயரமான ஊறுகாய்ப் போத்தல். மூடியின் மேலே மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. உள்ளே பழுப்பு நிறத் தண்ணீர். அதற்குள் துருப்பிடித்த ஆணிகள், வளைத்த குண்டூசிகள், ஏதோ இலைகள். எல்லாவற்றுக்கும் நடுவே உருண்டையாக, கன்னங்கரேல் என்று, மயிர்.

மச்சாள் சத்தம் போடவில்லை. போத்தலைக் கையால் தொடாமல் மண்வெட்டியால் ஏந்தி, ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் விழுத்தி, பல்கனி மூலையில் கொண்டுவந்து வைத்தா. கால் கை கழுவினா. பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்று என்னைக் கேட்டா.

“பிள்ளை, உது ஆற்றை வேலை?”

பைக்குள் எட்டிப் பார்த்தேன். “கீழ இருக்கிறவட வேலைதான் மச்சாள். நான் அப்பவே சொன்னனான், இவரு கேட்கல்ல.”

“அவவின்ரை தலை நரைச்ச தலை.”

“ஓம்.”

“அதுக்குள்ளை கிடக்கிறது கறுப்பு.”

அவ்வளவுதான் சொன்னா. என் பின்னலை ஒருதரம் பார்த்தா. நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே வரும் கறுப்பு முடி. போத்தல் கிடந்ததோ எங்கள் பாதி நிலத்தில்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் அதைப்பற்றி என்னோடு கதைக்கவில்லை. என்னை விட்டுவிட்டுக் கதைத்தார்கள். நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுவிடும். மச்சாள் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே குறி சொல்லும் ஒருவரைக் கேட்டிருக்கிறா. அந்த ஆள் எங்களைக் கண்டதும் இல்லை, மொன்றியலுக்கு வந்ததும் இல்லை. “வீட்டுக்குள்ள சாப்பாடு போடுற கைதான்” என்று சொன்னாராம். இதை மச்சாள் தன் மகளுக்குத் தொலைபேசியில் திரும்பச் சொன்னபோது நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு மிச்சத்தையும் கேட்டேன்.

நான் சமைத்த கறியை மச்சாள் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லித் தனக்குத் தானே கஞ்சி வைத்தா. அதை நான் பொறுத்திருப்பேன். கணவருக்கு நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய் மேசையிலேயே இருந்தது. ஒருநாள் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாள் நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் அதைக் கழுவும் தொட்டிக்குள் ஊற்றுவதைக் கண்ணால் கண்டேன். ஊற்றிவிட்டு, இடது கையால் குழாயைத் திறந்து கோப்பையை இரண்டு தரம் கழுவினார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சீப்பில் கழன்ற மயிரை எல்லாம் பொறுக்கிக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். யாரோ என் மயிரை எடுத்திருக்கிறார்கள் என்ற யோசனை வந்துவிட்டது. குடிவந்த நாளிலிருந்தே வெள்ளிக்கிழமைகளில் வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டி, குங்குமம் தடவி வைப்பேன். அப்போதெல்லாம் வெளியே தலை சீவியிருக்கிறேனா? பல்கனியில் துவாயைக் காயப்போட்டிருக்கிறேனா? கீழே இருப்பவள் எடுத்தாளா, இல்லை மச்சாளே எனக்குப் பழி வரட்டும் என்று எடுத்தாவா? ஒரு பெண்ணைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்க முடியும் என்று அதற்கு முதல் எனக்குத் தெரியாது. நினைத்தேன். நாளுக்கு நாள் கூடுதலாக நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை போத்தலைப் பையோடு தூக்கிக்கொண்டு கீழே இறங்கி அவள் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள். பையின் வாயை விரித்துக் காட்டினேன்.

“நீங்கள் அதை ஏன் எடுத்தீர்கள்?” என்று கேட்டாள். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். நான் பேசியது உடைந்த ஆங்கிலமும் அதைவிட உடைந்த பிரெஞ்சும். ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் தவறவில்லை.

“இது உங்களுடையதா?”

“என்னுடையது. அதை எடுக்கக் கூடாது. திறக்கவில்லையே?”

உள்ளே வரச்சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். சுவரோரம் ஒரு தாழ்ந்த மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. ஒரு மெழுகுதிரி, ஒரு கிண்ணம் தண்ணீர், பறவை இறகு, ஒரு தட்டில் உப்பு, காய்ந்த செடிக்கட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கிழவர். எங்கள் சாமித்தட்டில் இருப்பதில் படங்களை எடுத்துவிட்டால் மிச்சம் இவ்வளவும்தான் இருக்கும். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது.

“யாருக்கு எதிராகச் செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“எதிராக இல்லை. கதவில் தொங்கும் சிவப்பு நூல் மாதிரி, காவலுக்கு. பழைய நாளில் ஐரோப்பாவில் வீட்டு வாசலடியில் புதைப்பார்கள். கெட்டது வந்தால் ஆணியில் சிக்கிக்கொள்ளும்.”

“என்ன கெட்டது?”

சால்வை நுனியைத் திருகிக்கொண்டு, “நீங்கள்” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நாங்கள் குடிவந்த கிழமையில் வாசல்படியில் ஒரு பெரிய காயைப் போட்டு உடைத்தோமாம், அதன் வயிற்றுக்குள் சிவப்பாக ஏதோ இருந்ததாம். அது வீடு புகுந்ததுக்கு நாங்கள் உடைத்த நீற்றுப்பூசணி. பழைய கார் வாங்கியபோது சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோமாம். வெள்ளிக்கிழமைகளில் சிவப்புப் பூசிய பழத்துண்டுகளை அவள் கதவுப் பக்கமாக வைத்தோமாம். கதவுகள் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் எங்கள் வாசலின் இடப்பக்கம் அவளுடைய வலப்பக்கம். அது எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. கடைசியாக மிளகாய்ப் புகை. தன்னை வீட்டை விட்டு எழுப்பத்தான் ஏதோ செய்கிறோம் என்று அவள் முடிவு கட்டி, நிலம் உறைய முதல் புதைத்திருக்கிறாள். எங்கள் பாதியில் ஏன் புதைத்தாய் என்று கேட்டேன். வருகிற பக்கத்தில்தானே காவல் வைக்கவேண்டும் என்றாள்.

“மயிர்?”

எழும்பி உள்ளறைக்குப் போய் ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் பூனை இருப்பதே எனக்குத் தெரியாது. வெளியே விடாமல் வளர்க்கிற கிழட்டுப் பூனை. கறுப்பு, உடம்பெல்லாம் நீள மயிர். “என் தலைமயிரும் இருக்கிறது, நரைத்ததால் தெரியாது. என்னோடு இவனையும் காக்கவேண்டும் என்று வாரின மயிரைப் போட்டேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேறொன்று கேட்டேன். “சிக்கின கெட்டது என்ன ஆகும்?”

“அனுப்பியவரிடமே திரும்பிப் போகும்.”

என் மனதில் கணவரின் தோள் ஓடியது. அவள் மனதிலும் அதுதான் ஓடியிருக்கிறது. “உங்கள் கணவருக்கு அடிபட்டது என்று கேள்விப்பட்டபோது, அப்படியானால் நீங்கள் உண்மையிலேயே அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்” என்றாள். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவளை மதிப்பதா, அல்லது அப்படி நினைத்ததற்காக அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

“மேலே வந்து இதைச் சொல்லுங்கள்” என்றேன். “என் வீட்டில் என்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.”

அவள் வந்தாள். பூனையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மச்சாள் கதிரையில் நேராக இருந்தா. கணவர் யன்னல் பக்கம் நின்று மொழிபெயர்த்தார். கீழ்வீட்டுக்காரி பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அவர் தமிழில் சொன்னார். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், ஆணி, பூனை. மச்சாள் எழும்பி வந்து போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. பூனையின் வால் மயிரை இரண்டு விரலால் இழுத்து நீளம் பார்த்தா. பூனை சீறியது.

“இது நாங்கள் செய்யிறது மாதிரித்தானே கிடக்கு. வெள்ளைக்காரருக்கு உதெல்லாம் எங்காலை?”

கணவர் அதைக் கேட்டார். அவள் சொன்ன பதிலை அவர் தமிழில் சொன்னார். “இவையளிட்டையும் முந்தி இருந்ததாம் அக்கா. சேர்ச் வந்து நிப்பாட்டிப்போட்டுதாம். இவை இப்ப புத்தகங்களிலயும் பழைய ஆக்களிட்டையும் தேடி எடுத்துத் திரும்பச் செய்யினமாம்.”

பிறகு அவர் இன்னொன்று கேட்டார். மச்சாள் கேட்கச் சொன்னதில்லை. குரலைத் தாழ்த்தி, வேகமாக, பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் என் மனைவி என்ற சொல்லும், இதற்கு முதல் என்ற சொல்லும், உங்கள் வீட்டுக்கு என்ற சொல்லும் விளங்கின. கீழ்வீட்டுக்காரி என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “இல்லை. இன்றைக்குத்தான்” என்றாள்.

அவர் அந்தக் கேள்வியையும் பதிலையும் தமிழில் சொல்லவில்லை.

அவள் போனபிறகு அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கடைசியா என்னத்தைக் கேட்டீங்க?”

“ஒண்டுமில்லை.”

“எனக்கு விளங்கினது. நானும் அவவும் சேர்ந்து செய்தமா எண்டுதானே கேட்டீங்க?”

“அக்கா கேட்டால் பதில் சொல்ல வேணுமெல்லே. உமக்காகத்தான் கேட்டனான்.”

“அப்ப தேத்தண்ணியை ஆருக்காக ஊத்தினீங்க?”

அவர் கட்டிலில் இருந்துவிட்டார். நல்ல கையால் நோகிற தோளைப் பிடித்துக்கொண்டார். “தோள் மாறேல்லை, வேலை போய்டுமோ எண்டு பயம், அக்கா ஒவ்வொரு நாளும் காதுக்குள்ளை ஓதுறா. நான் நம்பேல்லை. ஆனா குடிக்கவும் ஏலாமல் கிடந்தது” என்றார். நம்பவில்லை, ஆனால் குடிக்கவும் முடியவில்லை. அது உண்மை என்றுதான் எனக்குப் பட்டது. உண்மை என்பதால் நோகாமல் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி போட்டு மேசையில் வைத்தேன். மச்சாள் பார்த்துக்கொண்டிருக்க அவர் எடுத்துக் குடித்தார். சூடு ஆற முதலே குடித்து முடித்தார். மச்சாள் அடுத்த கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்பினா. போகும்போது மகளைக் கட்டிப்பிடித்து அழுதா, என் கையையும் பிடித்தா. “நான் ஒண்டும் மனசிலை வைக்கேல்லை பிள்ளை” என்றா. ஆனால் பிறகு அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் சொல்லித் தெரிந்தது, ரொறன்ரோவில் கதை வேறு மாதிரி ஓடியிருக்கிறது. மட்டக்களப்புக்காரியும் வெள்ளைக்கார மந்திரக்காரியும் கூட்டு என்று. நான் அதைத் திருத்தப் போகவில்லை.

போத்தலைக் கீழ்வீட்டுக்காரி தன் பாதியில் வேலியோரம் மறுபடி புதைத்தாள். புதைக்க முதல் மேலே வந்து கேட்டாள், சம்மதமா என்று. என் பக்கம் பார்க்காமல் வை என்றேன். ஆணிக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா என்று அவள் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை நான் படியின் உட்பக்கத்துக்கு மாற்றினேன். ஒருவரை ஒருவர் கண்டால் பொன்ஜூர் சொன்னோம். அதற்கு மேல் நட்பு என்று எதுவும் இல்லை. அவள் காலையில் கை விரித்து நிற்கும்போது நான் இன்னும் யன்னலில் நின்று பார்த்தேன். சிலவேளை உதட்டசைவில் என் பிள்ளையின் பெயர் வருகிறதா என்று உற்றுப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருட மார்கழியில் ஊருக்குள் கடல் வந்தது, சுனாமி. என் தங்கச்சி கல்லடிக்கு அங்கால், கடற்கரையோடு இருந்த ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளைத் தேடி எடுக்க முடியவில்லை. உடல் கிடைக்காததால் அம்மா செத்தவீடு செய்ய மறுத்தா. எங்கேயோ ஆசுபத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறாள் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா. எட்டுச்செலவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. அம்மா செய்யாததை நான் இங்கே செய்தால் அவளை நானே சாகடித்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்து சாமித்தட்டில் ஒரு படம்கூட வைக்கவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசிக் கடைசி. தெருவெல்லாம் பிள்ளைகள் முகமூடியோடு மிட்டாய் கேட்டுத் திரிந்தார்கள். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பொழுதுபடும் நேரம். நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது கீழ்வீட்டுக்காரி தன் வாசலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

“எங்களுக்கு இன்றைக்கு வருடம் முடிகிற நாள்” என்றாள். “செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுவோம். நான் அப்பாவுக்கு வைக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?” என்றாள்.

முதலில் எனக்கு எழும்பியது பழைய பயம்தான். இதை ஏன் கேட்கிறாள்? பெயர் கேட்பாளோ? பெயரை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று சின்ன வயதில் கேட்ட கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. “தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அவள் பெயர் கேட்கவும் இல்லை.

“அவளுக்கு என்ன விருப்பம்?”

முதல் நாள் வைத்த இறால் கறி மேலே இருந்தது. சூடாக்கி, ஒரு கிண்ணம் சோற்றோடு கொண்டுவந்தேன். அவள் மேசையில் இன்னொரு தட்டை எடுத்து வைத்து, கதிரையை இழுத்துவிட்டாள். நான் சோற்றைப் போட்டுக் கறியை ஊற்றினேன். அவள் பிரெஞ்சில் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு வரி முடியவும் எனக்காக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். கிழக்கே இருப்பவர்களே, தண்ணீரில் போனவர்களே, வழி தெரியாமல் நிற்பவர்களே, இங்கே நெருப்பு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வந்து பசியாறிப் போங்கள்.

தண்ணீரில் போனவர்கள் என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. கணவர் சொல்லியிருப்பாரா? அது எல்லோருக்கும் சொல்கிற பொதுவான வரியா? இன்றுவரை கேட்கவில்லை. கதிரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையாக வந்தது. பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் தங்கச்சியைச் செத்தவள் என்று நினைத்து அழுதேன். கீழ்வீட்டுக்காரி என்னைத் தொடவில்லை. அழுது முடியும்வரை, திறந்திருந்த கதவால் வந்த காற்றில் மெழுகுதிரி அணையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

தை மாதம் ஒரு குருக்களைக் கேட்டு, அம்மாவுக்குச் சொல்லாமல், தங்கச்சிக்குச் செய்யவேண்டியதைக் கோயிலில் செய்வித்தேன். கணவர் தோள் ஆறிய வலது கையால் எள்ளும் தண்ணீரும் இறைத்தபடி எனக்குப் பக்கத்தில் நின்றார்.